அண்ணன் பேரில் எழுதிய தீ

லில்லியைத் தேடி அந்தப் பெண் வந்தபோது மணி பன்னிரண்டு இருக்கும். செஞ்சி தாலுகா ஆபீசுக்கு எதிர்வரிசையில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் லில்லி ஒரு பட்டா மாற்ற மனுவை அடித்துக்கொண்டிருந்தாள். பதினொரு வருஷமாக அதே நாற்காலி. வேலித் தகராறு, தொலைந்துபோன ரேஷன் கார்டு, விதவை பென்ஷன் என்று ஜனங்கள் வந்து புலம்புவதையெல்லாம் காதில் வாங்கி, அதிகாரிகள் படிக்கிற தமிழாக மாற்றித் தருவது அவள் வேலை. அதில் அவளுக்கு நல்ல பெயர் இருந்தது. லில்லி அடித்த மனு திரும்பி வராது என்று சொல்லிக்கொண்டு வல்லத்திலிருந்தும் தளவானூரிலிருந்தும் பஸ் ஏறி வருவார்கள்.

"லில்லி ஜேம்ஸ் நீங்கதானேக்கா?" என்றாள் வந்தவள். இருபத்தைந்து வயதிருக்கும். தோளில் கனமான பை. குனிந்து, குரலைத் தாழ்த்தி, "என் பேரு கவிதா. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலேர்ந்து வரேன். குழந்தைங்க மனநல வார்டு" என்றாள்.

லில்லியின் விரல்கள் நின்றன. பக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. பார்க்கவில்லை. இருந்தாலும் அவள் எழுந்து, "சாப்புட்டு வந்துடறேன்" என்று யாருக்கோ சொல்லிவிட்டுக் கவிதாவை வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

டீக்கடையில் உட்கார முடியாது. மாதா கோவில் பக்கமும் முடியாது. மாதா சபைப் பெண்கள் யாராவது இருப்பார்கள். ஆட்டோ பிடித்துக் கோட்டைக்குப் போனார்கள். கோட்டைக்கு வெளியூர்க்காரர்கள்தான் வருவார்கள். உள்ளூர் ஆட்கள், சொந்தக்காரர்கள் யாராவது வந்தால் சுற்றிக்காட்டப் போவதோடு சரி. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், கல்யாண மஹாலைத் தாண்டி ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார்கள். ராஜகிரிப் பாறை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு குரங்கு கவிதாவின் பையையே பார்த்துக்கொண்டிருந்தது.

கவிதா விஷயத்தைச் சொன்னாள். இருபது, இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அந்த வார்டில் சேர்ந்திருந்த பிள்ளைகள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு ஆராய்ச்சி. ஊர் ஊராகத் தேடிப் போய்க் கேட்கிறார்கள். பெயர் எங்கும் வராது.

"என் வீட்டுக்காரருக்குத் தெரியாதும்மா" என்றாள் லில்லி. "கண்ணாலத்துக்கு முன்னாடி சொல்லல. அப்புறம் சொல்ல முடியல."

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேங்க்கா."

கேள்விகள் சுலபமாக இருந்தன. படிப்பு? பிளஸ் டூ, அப்புறம் டைப்ரைட்டிங் ஹையர். கல்யாணம்? ஆகிவிட்டது, கணவர் ஜேம்ஸ், எலக்ட்ரீஷியன். குழந்தை? ஒரு பெண், அருள்ஜோதி, ஏழாவது படிக்கிறாள். குடி? இல்லை. மாத்திரை? இல்லை. போலீஸ் கேஸ்?

"இல்ல."

"ஒண்ணுகூட?"

"இல்லம்மா."

கவிதா சிரித்தபடியே ஒவ்வொரு கட்டத்திலும் கோடு போட்டாள். "பொம்பளப் புள்ளங்க பெரும்பாலும் நல்லா வந்துட்டாங்கக்கா. இதுவரைக்கும் நூத்திநாப்பது பேரைப் பாத்தோம். ஆம்பளப் பசங்கள்ல மூணுல ஒருத்தர் மேல கேஸ் இருக்கு. பொண்ணுங்கள்ல ரெண்டே ரெண்டு பேர். எங்க மேடம்கூட ஆச்சரியப்படுறாங்க."

பிறகு இன்னொரு கோப்பை எடுத்தாள். பிரிட்டோ, தகப்பன் பெயர் அமிர்தசாமி. லில்லியின் அண்ணன். ஜெயிலில் போய் அவனையும் பார்த்துவிட்டார்களாம். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். விவரமெல்லாம் தங்கச்சியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், எனக்குப் பாதி ஞாபகம் இல்லை என்று அவனே சொன்னானாம்.

"அவருக்கு மொத்தம் ஏழு கேஸ் இருக்குக்கா. முதல் கேஸ் பதினஞ்சு வயசுல, தீ வெச்சது. அதை எங்க பைல்லயே டாக்டர் முன்னாடியே எழுதியிருக்காரு பாருங்க." கவிதா பழுப்பேறிய தாளைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். "தாய் தரும் தகவல்: பையன் பத்து வயதிலிருந்து தீ வைக்கிறான். தகப்பனாரின் பாய், ஓலை வேலி, தங்கையின் நோட்டுப் புத்தகங்கள், தாயின் புடவை. தீ வைக்கும் பழக்கம் இருக்கறதாலதான் அவருக்கு அவ்ளோ டோஸ் மாத்திரை போட்டிருக்காங்க. உங்களுக்கு வெறும் சாப்புடாம இருக்கறது, பேசாம இருக்கறது, அழுகைன்னு மட்டும்தான்."

லில்லி அந்தத் தாளைக் கையில் வாங்கினாள். ஆங்கிலம் அவளுக்கு ஓரளவு வரும். எழுத்து கிறுக்கலாக இருந்தது, ஆனால் தேதி தெளிவாகத் தெரிந்தது. அவர்கள் வார்டில் சேர்ந்த முதல் நாள்.

பாயை எரித்தது லில்லி. வேலியை எரித்தது லில்லி. நோட்டுப் புத்தகங்களும் அம்மாவின் மஞ்சள் புடவையும் அவள் கையால் எரிந்தவைதான்.

"இன்னாக்கா, ஒரு மாதிரி ஆயிட்டீங்க?"

"வெயிலு" என்றாள் லில்லி.

*

நைனா அமிர்தசாமி கல்குவாரியில் வெடியில் மாட்டிச் செத்தபோது லில்லிக்கு எட்டு வயது, பிரிட்டோவுக்குப் பத்து. அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகளும் இரண்டு விதமாகக் கெட்டுப்போனார்கள். பிரிட்டோ பள்ளிக்கூடத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறித் திண்டிவனம் போய்விடுவான். அடுத்தவன் தோட்டத்தில் கொய்யா பறிப்பான், வாத்தியார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஏரியில் தள்ளிவிடுவான், கேட்டால் கடிப்பான். லில்லி யாரிடமும் பேசமாட்டாள். தலைக்குள்ளே எந்நேரமும் ஒரு இரைச்சல். நைனாவின் பாயைக் கொல்லையில் போட்டு எரித்த அன்றைக்குத்தான் முதல்முதலாக அந்த இரைச்சல் நின்றது. எரிகிற மட்டும் நின்றது. அணைந்ததும் மறுபடி வந்துவிட்டது.

மாதா கோவில் பங்கில் இருந்த ஒரு சிஸ்டர் சொல்லித்தான் அம்மா செல்வராணி இரண்டு பேரையும் பாண்டிச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு மாதம் வார்டில் இருந்தார்கள். திரும்பி வந்தபோது பிரிட்டோ வேறு பையனாக இருந்தான். கண் சொருகியே இருக்கும். சோற்றில் கை வைத்தபடி தூங்குவான். பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் தலை சாய்த்தால் மணி அடிக்கிறவரை எழமாட்டான். அவனுக்கு வியாதி ஜாஸ்தி போலிருக்கிறது, அதனால்தான் மாத்திரையும் ஜாஸ்தி என்று லில்லி நினைத்துக்கொண்டாள். இருபத்து மூன்று வருஷமாக அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பதிமூன்று வயதில் அது நடந்தது. அவர்கள் இருந்தது வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஆதிமூலத்தின் மகள் மங்கை ஒருத்திதான் லில்லியோடு சேர்ந்து பள்ளிக்கூடம் போகிறவள். ஒருநாள் பைப்படியில் நான்கு பேர் முன்னால் ஆதிமூலம் மகளைப் பார்த்துச் சொன்னார்: "மூள கழண்ட வூட்டுப் புள்ளங்க. கிட்ட சேந்தீன்னா கால ஒடச்சிடுவேன்." மறுநாளிலிருந்து மங்கை வேறு வழியாகப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம், ஊரே அடங்கிக் கிடந்த வெயிலில், லில்லி ஆதிமூலத்தின் வைக்கோல் போருக்குத் தீ வைத்தாள். போருக்கு ஒட்டி மாட்டுக்கொட்டகை இருந்ததை அவள் யோசிக்கவில்லை. கட்டியிருந்த பசுவை அவிழ்க்க ஆதிமூலத்தின் மனைவி ஜெயக்கொடி உள்ளே ஓடினாள். பசு தப்பித்தது. எரிகிற கூரை ஜெயக்கொடியின் வலது கையிலும் கழுத்திலும் விழுந்தது.

லில்லி வீட்டுக்கு ஓடிவந்தபோது அம்மா வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்நெற்றி முடி கருகிச் சுருண்டிருந்தது. கத்தரிக்கோலை எடுத்து அதை வெட்டி அடுப்பில் போட்டாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வேறு பாவாடை கட்டி, போர்வையைப் போர்த்திப் படுக்க வைத்தாள். உள்ளறையில் பிரிட்டோ மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். ஊர்ஜனம் திரண்டு வந்து அவனைத் தூக்கி நிறுத்தியபோது சட்டைப் பையில் பீடியும் வத்திப்பெட்டியும் இருந்தன. வேறு என்ன வேண்டும்? போலீஸ் வந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தது. இரண்டு நாள் கழித்து அவனே ஒத்துக்கொண்டுவிட்டான் என்றார்கள். சிறுவர் இல்லத்தில் ஒன்றரை வருஷம் இருந்தான்.

அதற்கப்புறம் சுற்றுவட்டாரத்தில் எந்த மோட்டார் திருடு போனாலும் முதலில் பிரிட்டோவைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். முதல் இரண்டு தடவை அவன் திருடவில்லை. மூன்றாவது தடவை திருடியிருந்தான். பிறகு வண்டி திருட்டு, வீடு புகுந்தது, சாராயக்கடைத் தகராறில் ஒருத்தன் கையைக் கிழித்தது என்று வரிசையாக வந்தன. அவன் நல்லவன் என்று லில்லி யாரிடமும் வாதாடியதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் இத்தனை வருஷமும் நெஞ்சுக்குள் பொத்தி வைத்திருந்தாள். அண்ணனுக்குத் தெரியும். தங்கச்சிதான் வைத்தாள் என்று தெரிந்தே, அவளுக்காக அடி வாங்கி, அவளுக்காக ஒத்துக்கொண்டான். அப்படி ஒருத்தன் தனக்காக இருக்கிறான் என்பதை நினைத்துத்தான் அவள் பிளஸ் டூ படித்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், பிள்ளை பெற்றாள். நெருப்பைத் தொடவில்லை.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லில்லி அம்மாவின் வீட்டுக்குப் போனாள். செல்வராணி முறத்தில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். எழுபதை நெருங்கியும் கை வேகம் குறையவில்லை.

"எம்மா, நெருப்பு வெச்சது அண்ணன்தான்னு ஆஸ்பத்திரியில சொன்னியா?"

"எந்த ஆஸ்பத்திரி?"

"பாண்டிச்சேரி. சேத்த மொத நாளே சொல்லியிருக்க. பைலுல இருக்குது."

செல்வராணி கடலையைக் கீழே போட்டாள். "அதெல்லாம் இன்னுமா வெச்சிருக்கானுங்க?"

லில்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மா இல்லையென்று சொல்வாள், டாக்டர் தப்பாக எழுதிக்கொண்டார் என்று சொல்வாள் என்று வழி முழுக்க எதிர்பார்த்து வந்திருந்தாள்.

"நா அப்ப நெருப்பு வெச்சதெல்லாம் உனக்குத் தெரியும்."

"தெரியும். ரெண்டு புள்ளங்களயும் லூசு வார்டுல போட்டுட்டு நாதி இல்லாம உக்காந்திருக்கேன். டாக்டரு கேக்குறாரு, நெருப்பு வெக்கறது எதும்மான்னு. உன்னக் காட்டச் சொல்றியா? பொட்டப்புள்ள நெருப்பு வெப்பான்னு ஒரு வார்த்த வெளிய வந்தா, எவன்டி உன்ன அவன் வூட்டு அடுப்படியில வுடுவான்?"

"அவனும் நீ பெத்த புள்ளதான?"

"அவன் ஆம்பள. நாலு அடி வாங்குனாலும் எழுந்து வந்துருவான்னு நெனச்சேன்."

"வரலியே எம்மா."

செல்வராணிக்குக் கோபம் வந்தது. "இன்னாத்துக்கு இப்ப கெளர்ற? ஜேம்ஸ் எங்கிருந்து வந்தான்? உன் பொண்ணு எங்கிருந்து வந்துச்சு? ஜம்முனு சேர்ல உக்காந்து வேல செய்றியே, அது எங்கிருந்து வந்துச்சு? எல்லாம் நான் அன்னிக்கி சொன்ன ஒரு பொய்யிலேர்ந்துதான். மாசாமாசம் ரொட்டியத் தூக்கிக்கிணு நான்தான் ஜெயிலுக்குப் போறேன். நீ இல்ல. அவன் பாவத்த நான் சுமக்குறேன், போ."

"அது அவன் பாவம் இல்ல."

"போடின்றேன்."

*

ஜெயிலில் கைதியைப் பார்க்கப் போவதை அந்தப் பக்கத்தில் மனு பார்ப்பது என்பார்கள். ஊரார் மனுக்களை அடித்துத் தருகிற லில்லி அண்ணனை மனு பார்த்தது அதுவரை இரண்டே தடவை. மூன்றாவது தடவை போனபோது கடைக்கு லீவு சொல்லிவிட்டு, ஜேம்ஸிடம் பாண்டியில் துணி எடுக்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டுப் போனாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பிரிட்டோ வந்து உட்கார்ந்தான். முப்பத்தேழு வயதுக்கு முன்வழுக்கை, இரண்டு பல் போயிருந்தது. அவளைப் பார்த்ததும் பயந்து, போன் ரிசீவரை எடுத்தான்.

"அம்மாவுக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல ண்ணா. அம்மா நல்லாருக்குது. உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். ஆதிமூலம் மாமா வூட்டு வைக்கோப் போரு."

"அதுக்கு இன்னா இப்ப?"

"எனக்காவ நீ ஒத்துக்கினியே, எதுக்கு ண்ணா?"

பிரிட்டோ புரியாமல் பார்த்தான். "உனக்காவ இன்னா ஒத்துக்கினேன்?"

அந்த முகத்தில் நடிப்பு எதுவும் இல்லை. இருந்தாலும் லில்லியால் நிறுத்த முடியவில்லை. "அத வெச்சது நான்தான்னு உனக்குத் தெரியாதா?"

அவன் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டான்.

"நா தூங்கிக்கினு இருந்தேன்" என்றான் மெதுவாக. "எழுப்புனாங்க. அடிச்சாங்க. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லன்னு சொன்னேன். அப்புறம் அம்மா வந்துச்சு ஸ்டேஷனுக்கு. நீதான்டா வெச்ச, மாத்திரை மப்புல எழுந்து போயி வெச்சிட்டு வந்து படுத்துக்கின, நான் பாத்தேன்னு சொல்லுச்சு. அம்மாவே பாத்துச்சின்னா நாந்தான வெச்சிருப்பேன்? ஒத்துக்கினேன்."

லில்லி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஜெயக்கொடி அத்த கை கனவுல வரும். எத்தினி வருஷம் வந்துச்சு தெரியுமா? தூக்கத்துல எழுந்து போயி ஒரு பொம்பளய எரிச்சவன், நமக்கு எதுக்கு நல்ல பொழப்புன்னு வுட்டுட்டேன். ஒருத்தி என்னக் கட்டிக்கிறேன்னு வந்தா. தூக்கத்துல உன்னயும் எரிச்சிருவேன், போயிருன்னு சொல்லி அனுப்புனேன்." அவன் கண்ணாடிக்கு அருகே வந்தான். "அம்மாவுக்குத் தெரியுமா, நீதான்னு?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இன்னும் பதினோரு மாதம் உள்ளே இருக்க வேண்டியவனுக்கு மாதாமாதம் ரொட்டி கொண்டுவரும் ஒரே ஆள் அம்மா. லில்லிக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் அப்போதுதான் கையிலிருந்து நழுவியிருந்தது. தான் மட்டும் விழ அவளுக்கு மனம் வரவில்லை.

"தெரியும். அன்னிக்கே தெரியும். என் தல முடி கருகிக் கெடந்துச்சு, அத வெட்டுனதே அம்மாதான்."

பிரிட்டோ ரிசீவரை வைத்தான். எழுந்து உள்ளே போனான். நேரம் இன்னும் பாக்கி இருந்தது.

அடுத்த மாதம் செல்வராணி போய்க் காத்திருந்தாள். வரமாட்டேன் என்கிறான் என்று வார்டர் சொல்லி அனுப்பினார். அதற்கடுத்த மாதமும் அப்படியே. ரொட்டிப் பையோடு திரும்பி வந்தவள் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராகக் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்து, வரிசையில் நின்றவர்கள் முன்னாலேயே கேட்டாள்: "எம்புள்ள கிட்ட இன்னாடி சொன்ன?"

லில்லி கீபோர்டைப் பார்த்தபடி, "இருந்தத சொன்னேன்" என்றாள்.

*

கவிதாவுக்கு ஒருநாள் போன் செய்தாள். முழுவதையும் சொன்னாள்.

"அக்கா, என்னால கமெண்ட்ஸ்ல எழுத முடியும்" என்றாள் கவிதா. "ஆனா எண்ணிக்க மாறாதுக்கா. நாங்க போலீஸ் ரெக்கார்ட வெச்சுதான் எடுக்கறோம். அதுல உங்க பேரு இல்ல. மேடம்கிட்ட கேட்டுப் பாக்கறேன்." அவள் குரலில் அழுகை இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று லில்லிக்குத் தெரியவில்லை.

பிரிட்டோ வெளியே வந்த அன்று அம்மாவிடம் போகவில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேராகக் கடை வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"வா" என்றான்.

"எங்க ண்ணா?"

"ஆதிமூலம் வூட்டுக்கு. அந்த அத்த முன்னாடி நீ சொல்லணும். மத்த ஆறு கேஸும் நான் பாத்துக்கறேன். இத ஒண்ண மட்டும் எடுத்துக்கோ."

அவள் மறுக்கவில்லை. இரண்டு பேரும் டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். வல்லம் வரும்வரை ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆதிமூலம் நார்க்கட்டிலில் படுத்திருந்தார். வாதம் அடித்து இரண்டு வருஷம் ஆகிறது. ஜெயக்கொடி வெளியே வந்தாள். வலது கை மணிக்கட்டில் மடங்கி அப்படியே நின்றுபோயிருந்தது. பிரிட்டோவைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள்.

லில்லி சொன்னாள். எத்தனையோ பேருடைய துயரத்தை அழகாக அடித்துக் கொடுத்தவளுக்குத் தன்னுடையதைச் சொல்ல வாக்கியம் சரியாக அமையவில்லை. மங்கையைச் சொன்னாள், பைப்படியைச் சொன்னாள், வத்திக்குச்சியைக் கிழித்துப் போரின் தெற்கு மூலையில் வைத்ததைச் சொன்னாள். கருகிய முடியைச் சொன்னாள். "நான்தான் அத்த. இவன் தூங்கிக்கினு இருந்தான்" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஜெயக்கொடி அவளையே பார்த்தாள். பிறகு நல்ல கையால் லில்லியின் கன்னத்தைத் தொட்டாள்.

"அண்ணன் மேல இவ்ளோ பாசமா பாப்பா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. "உன் மாதிரி தங்கச்சி கெடைக்க இவன் குடுத்து வெச்சிருக்கணும். பழியத் தூக்கித் தன் தலமேல போட்டுக்கிறா பாருங்க."

"இல்ல அத்த, நெசமாவே."

"எனக்குத் தெரியாதா உன்ன? வாயில்லாப் பூச்சி. ஈ எறும்புக்குக்கூட ஒரு கெடுதல் பண்ணியிருப்பியா நீ?" பிறகு பிரிட்டோவின் பக்கம் திரும்பினாள். குரல் மாறியது. "ஏன்டா, வெளிய வந்த அன்னிக்கே கூடப் பொறந்தவள மெரட்டி இழுத்துக்கினு வந்திருக்கியே. நீயெல்லாம் மனுசனா? பொம்பளப் புள்ளய இப்பிடிப் பொய் சொல்ல வெக்கிறியே."

"ஊர்ல பேர சுத்தம் பண்ணப் பாக்குறான்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். கட்டிலிலிருந்து ஆதிமூலம் ஏதோ குழறினார். அவர் சொன்னது யாருக்கும் விளங்கவில்லை.

"சத்தியமா நான்தான்!" என்று லில்லி கத்தினாள். மேலே மேலே கத்தினாள். கத்தக் கத்த அவர்கள் முகத்தில் இரக்கம்தான் கூடியது. ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "அழாத கண்ணு, அவன் ஒண்ணும் பண்ண மாட்டான், நாங்க இருக்கோம்" என்றாள்.

பிரிட்டோ சிரித்தான். ரொம்பச் சத்தமில்லாத சிரிப்பு. கவரைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு நடந்தான். லில்லி பின்னால் ஓடினாள்.

"ண்ணா, அம்மா சமச்சி வெச்சிருக்குது. ஒரு வாயாச்சும்..."

"போயி சாப்புடு" என்றான். வந்துகொண்டிருந்த திண்டிவனம் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டான். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. கர்நாடகத்தில் ஏதோ செங்கல் சூளையில் இருக்கிறான் என்று ஒரு பேச்சு வந்தது. அதுவும் நிச்சயமில்லை.

ஊருக்குள் லில்லியின் பெயர் முன்னைவிட உயர்ந்தது. மாதா சபையில் அவளைச் செயலாளர் ஆக்கினார்கள். அண்ணனுக்காகப் பழியை ஏற்கத் துணிந்தவள் என்று ஜெயக்கொடியே செஞ்சி சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

விஷயம் ஜேம்ஸின் காதுக்கும் அப்படித்தான் போனது. "நல்ல மனசுதான், ஆனா இதெல்லாம் தேவையா?" என்று அவன் சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே கேட்டான். லில்லி அவன் எதிரில் உட்கார்ந்தாள். வார்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். டீ ஆறிப்போனது. அவன் அவளை நல்லவள் என்று சொல்லவில்லை, பொய் சொல்கிறாய் என்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"வைக்கோப் போருக்கு முன்னாடி எத்தன தடவ?"

"ஏழு, எட்டு இருக்கும்" என்றாள்.

ஜேம்ஸ் தலையாட்டினான். அவன் நம்பினான். இத்தனை பேரில் அவன் ஒருத்தன்தான் நம்பினான்.

மறுநாளிலிருந்து அவள் சமையலறையை விட்டு வந்ததும் அவன் ஏதோ எடுப்பதுபோல் உள்ளே போய்ச் சிலிண்டர் ரெகுலேட்டரைத் திருகிப் பார்த்துவிட்டு வருவான். அருள்ஜோதியின் படிப்பு மேசை கூடத்திலிருந்து அவன் படுக்கிற அறைக்கு மாறியது. அந்த வாரக் கடைசியில் மாதா சொரூபத்துக்கு முன்னால் வைக்க பேட்டரியில் எரிகிற இரண்டு மெழுகுவத்திகள் வாங்கி வந்தான். பிளாஸ்டிக் மெழுகு, உள்ளே ஆடுகிற சின்ன மஞ்சள் பல்பு.

"இது எதுக்கு நைனா? நெஜ மெழுகுவத்தியே இருக்குதே" என்றாள் மகள்.

"இருக்கட்டும்மா. இதுதான் சேஃப்டி" என்றான் ஜேம்ஸ்.

உள்ளே சட்னி அரைத்துக்கொண்டிருந்த லில்லிக்கு அது கேட்டது. அவள் மிக்ஸியை நிறுத்தவில்லை.